போன் ஃபிளாஷ் பண்ணும்போது ‘ஃபெயில்’ வருதா? மறுபடி அழுத்துவதற்கு முன் இதைப் பாருங்க!

அப்டேட் போட்ட போன் லோகோவிலேயே நின்றுவிட்டால், சர்வீஸ் கடையில் பெரும்பாலும் முதலில் சொல்வது இதுதான்: "சாஃப்ட்வேர் போடணும்." சிலர் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே கணினியில் டூலை இறக்கி முயற்சி செய்கிறார்கள். பாதியில் சிவப்பு எழுத்தில் ‘ஃபெயில்’ என்று வந்ததும் பதற்றம் தொடங்குகிறது. வேறு ஃபைல், வேறு டூல், வேறு ஆப்ஷன் என்று மாற்றி மாற்றி அழுத்துகிறார்கள்.

உண்மையில் போனைக் கெடுப்பது பல நேரங்களில் முதல் ‘ஃபெயில்’ அல்ல. அதற்குப் பிறகு பதற்றத்தில் அழுத்தும் இரண்டாவது பட்டன்தான்.

சுருக்கமாக:

- ஃபிளாஷ் தோற்பது மூன்று கட்டங்களில் ஒன்றில்தான். எந்தக் கட்டம் என்பதை டூலில் வரும் செய்தியே சொல்லிவிடும்.
- முதல் இரண்டு கட்டங்களில் நின்றால், பெரும்பாலும் போனில் எதுவும் எழுதப்பட்டிருக்காது. பயப்பட வேண்டாம்.
- வெளிநாட்டிலிருந்து வந்த போன் என்றால் பெயரைப் பார்க்காதீங்க, மாடல் எண்ணைப் பாருங்க. பிரான்ஸ் உறவு அதிகமுள்ள புதுச்சேரிக்கு இது ரொம்ப முக்கியம்.

ஃபிளாஷ் என்றால் என்ன?

போனுக்குள் இருக்கும் நினைவக சிப்பில், ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் இயங்குவதற்கான அடிப்படை மென்பொருள் எழுதப்பட்டிருக்கும். இதுதான் ஃபர்ம்வேர். இது பல பகுதிகளாகப் பிரிந்திருக்கும். போனை எழுப்பும் பூட்லோடர், சிக்னலைக் கவனிக்கும் மோடம், ஆண்ட்ராய்டு சிஸ்டம், உங்கள் படங்களும் செய்திகளும் இருக்கும் டேட்டா பகுதி என எல்லாம் தனித்தனி. கணினியிலிருந்து யூஎஸ்பி வயர் வழியாக இந்தப் பகுதிகளைப் புதிதாக எழுதுவதே ஃபிளாஷ்.

எல்லா போனுக்கும் ஒரே டூல் கிடையாது. சாம்சங் போனுக்கு ஓடின், மீடியாடெக் சிப் உள்ள போன்களுக்கு எஸ்பி ஃபிளாஷ் டூல், ஷியோமி போனுக்கு மி ஃபிளாஷ், குவால்காம் சிப்புக்கு க்யூஃபில் என்று தனித்தனியாக இருக்கின்றன. கூகுள் பிக்சலுக்குக் கூகுளே இணையதளத்தில் ஒரு டூல் வைத்திருக்கிறது. மோட்டோரோலாவுக்கு ‘சாஃப்ட்வேர் ஃபிக்ஸ்’ என்ற அதிகாரப்பூர்வ டூல் உண்டு. ஐபோனுக்கு ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலி, மேக் கணினியில் ஃபைண்டர்.

இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பிக்சல், மோட்டோரோலா, ஐபோன் டூல்கள் பொதுமக்களும் பயன்படுத்துவதற்காக நிறுவனங்களே தருபவை. ஓடின் போன்றவை அப்படி அல்ல. சேவை மையங்களுக்காக உருவாகி வெளியே வந்தவை. அதனால்தான் கண்ட இடத்தில் கிடைக்கும் ஓடினை இறக்கும்போது கூடவே வைரஸும் வர வாய்ப்பு உண்டு. "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க" என்று சொல்லும் கிராக் டூல்களைத் தொடவே வேண்டாம். அதே கணினியில்தான் உங்கள் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள்.

ஃபிளாஷ் பண்ணாமலே சரியாகுமா?

பல நேரங்களில் சரியாகும். கணினியை எடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

1. வால்யூம், பவர் பட்டன்களைச் சேர்த்து அழுத்தி ஃபோர்ஸ் ரீஸ்டார்ட் செய்யுங்கள். எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும்.
2. சேஃப் மோடில் ஆன் ஆகிறதா பாருங்கள். ஆனால், புதிதாகப் போட்ட ஏதோ ஒரு செயலிதான் பிரச்சினை.
3. ரிக்கவரி மெனுவில் ‘வைப் கேஷ் பார்ட்டிஷன்’ இருந்தால் அதைக் கொடுக்கலாம். இதில் படங்கள் அழியாது. அதே மெனுவில் இருக்கும் ‘வைப் டேட்டா ஃபேக்டரி ரீசெட்’ எல்லாவற்றையும் அழித்துவிடும். இரண்டும் பக்கத்திலேயே இருக்கும், நிதானமாகத் தேர்வு செய்யுங்கள்.
4. சில சாம்சங் போன்களின் ரிக்கவரியில் ‘ரிப்பேர் ஆப்ஸ்’ என்ற வசதி உண்டு. அதுவும் டேட்டாவை அழிக்காது.
5. ஐபோனைக் கணினியில் இணைத்தால் ‘அப்டேட்’, ‘ரீஸ்டோர்’ என இரண்டு வாய்ப்பு வரும். முதலில் ‘அப்டேட்’. அது டேட்டாவை விட்டுவைத்து மென்பொருளை மட்டும் மாற்ற முயலும். ‘ரீஸ்டோர்’ முழுவதையும் அழித்துவிடும்.

மழையில் நனைந்த போன் திரும்பத் திரும்ப ஆஃப் ஆகி ஆன் ஆனால் அது மென்பொருள் பிரச்சினை என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது வயரைச் செருகி மின்சாரம் கொடுத்தால் போர்டே போய்விடலாம். முதலில் திறந்து காயவைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஃபிளாஷ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

புதுச்சேரிக்கு ஏன் கூடுதல் கவனம்?

இந்தியா-பிரான்ஸ் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தபோது, புதுச்சேரி மக்களில் ஒரு பகுதியினர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தனர். இன்றும் பல குடும்பங்களில் அண்ணனோ சித்தப்பாவோ பிரான்ஸில் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது அவர்கள் கொண்டுவரும் பரிசுகளில் போனும் ஒன்று. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது: பெட்டியில் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே போன் இல்லை.

2022-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பாவில் விற்றது எஸ்எம்-எஸ்901பி. அதில் சாம்சங்கின் எக்ஸினோஸ் 2200 சிப். இந்தியாவில் விற்றது எஸ்எம்-எஸ்901இ. அதில் குவால்காமின் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சிப். பெயர், தோற்றம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் மூளையே வேறு. இந்திய ஃபைலைப் பிரான்ஸ் போனில் போட்டால் டூல் ஏற்கவே ஏற்காது. கேலக்ஸி ஏ54 5ஜி-யிலும் மாடல் எண் வேறு. ஐரோப்பிய மாடல் ஏ546பி, இந்திய மாடல் ஏ546இ.

எனவே ஃபர்ம்வேர் தேடும்போது ‘எஸ்22’ என்று தேடக் கூடாது. பெட்டியில், போனின் பின்பக்க எழுத்தில் அல்லது டவுன்லோட் மோடு திரையில் உள்ள முழு மாடல் எண்ணை வைத்துத் தேட வேண்டும். கடைசி ஒரு எழுத்துதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சாம்சங் போன்களில் இன்னொரு அடையாளமும் உண்டு. அது சிஎஸ்சி எனப்படும் நாட்டுக் குறியீடு. பிரான்ஸ் பொதுச் சந்தைக்கு எக்ஸ்இஎஃப். இந்தியாவுக்கு ஐஎன்எஸ் அல்லது ஐஎன்யூ. பிரான்ஸில் நெட்வொர்க் நிறுவனம் மூலம் வாங்கிய போனுக்கு வேறு குறியீடு இருக்கலாம்.

"பிரான்ஸ் போன், நம்ம ஊர் சிம் எடுக்கல, ஃபிளாஷ் பண்ணா சரியாயிடுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆகாது. சிம் லாக் என்பது ஃபர்ம்வேர் மாற்றினால் போகும் விஷயம் இல்லை. போனை விற்ற பிரெஞ்சு நெட்வொர்க் நிறுவனமே திறந்து தர வேண்டும். வாங்கி 3 மாதம் ஆகிவிட்டால் அதைக் கட்டணம் இல்லாமல் செய்து தர வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. உறவினர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே இதைக் கேட்டு முடித்துவிடுவது நல்லது.

கட்டம் 1: கணினி போனைப் பார்க்கவே இல்லையா?

ஓடினில் காம் போர்ட் பெட்டி நிறம் மாறவில்லை, ‘ஆடட்’ என்ற செய்தி வரவில்லை. ஃபாஸ்ட்பூட்டில் ‘வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்’ என்று நிற்கிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தான்: கணினிக்கும் போனுக்கும் இன்னும் பேச்சே தொடங்கவில்லை. போனில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இங்கே ஃபர்ம்வேர் ஃபைலை மாற்றிப் பயனில்லை.

பார்க்க வேண்டியவை:

- வயர்: சந்தையில் கிடைக்கும் மலிவு வயர்களில் பல சார்ஜ் ஏற மட்டும்தான். டேட்டா போகும் கம்பியே உள்ளே இருக்காது. போனுடன் வந்த ஒரிஜினல் வயரைப் பயன்படுத்துங்கள்.
- போர்ட்: யூஎஸ்பி ஹப் வேண்டாம், நேரடியாகக் கணினியில் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கப் போர்ட். சில ஷியோமி மாடல்கள் யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஃபாஸ்ட்பூட்டிலிருந்து துண்டித்துக்கொள்ளும். அப்போது யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் வேலை செய்யும்.
- டிரைவர்: விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு போனைச் செருகுங்கள். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் இல்லை என்று பொருள். சாம்சங்குக்குச் சாம்சங் டிரைவர், மீடியாடெக்குக்கு விகாம் டிரைவர், குவால்காமுக்கு ‘க்யூடிலோடர் 9008’ என்று காட்டும் டிரைவர் தேவை.
- நேரம்: மீடியாடெக் போன் ஆஃப் நிலையில் செருகியதும் சில விநாடிகள் மட்டுமே கணினிக்குத் தெரியும். எனவே முதலில் டூலில் ‘டவுன்லோட்’ கொடுத்துவிட்டு, பிறகுதான் வயரைச் செருக வேண்டும். இந்த வரிசை மாறினால் எத்தனை முறை முயன்றாலும் நடக்காது.

குவால்காம் போன்களில் ‘ஹலோ பாக்கெட் வரவில்லை’ என்றோ ‘சஹாரா ஃபெயில்’ என்றோ வந்தால், முந்தைய முயற்சி பாதியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்தி, மீண்டும் அந்த மோடுக்குக் கொண்டுவந்து புதிதாகத் தொடங்க வேண்டும்.

கட்டம் 2: தொடங்கியதும் மறுக்கிறதா?

போன் கணினிக்குத் தெரிகிறது, ஃபைலும் போகத் தொடங்குகிறது, உடனே ‘ஃபெயில்’. இது வயர் பிரச்சினை இல்லை. பெரும்பாலும் போன் தானாகவே "இந்த ஃபைல் எனக்கு வேண்டாம்" என்று மறுக்கிறது. காரணம் இல்லாமல் மறுக்காது.

சாம்சங்: போன் திரையில் ‘எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில், டிவைஸ் 5, பைனரி 4’ என்பது போல வந்தால், போனில் இருக்கும் பூட்லோடர் 5-வது பதிப்பு, நீங்கள் போடுவது 4-வது பதிப்பு என்று பொருள். பழையதற்கு இறங்க முடியாது. ஃபர்ம்வேர் பெயரில் வலமிருந்து எண்ணினால் 5-வதாக வரும் எழுத்துதான் இந்தப் பதிப்பு எண். அது போனில் இருப்பதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். இதைப் பார்த்தாலே பாதி ‘ஃபெயில்’ வராது.

ஓடினில் ஃபைல் கொடுக்கும்போது சிஎஸ்சி என்றும் ஹோம் சிஎஸ்சி என்றும் இரண்டு ஃபைல்கள் இருக்கும். டேட்டா வேண்டுமென்றால் ஹோம் சிஎஸ்சி. வெறும் சிஎஸ்சி கொடுத்தால் படங்கள் உட்பட எல்லாம் அழிந்துவிடும்.

ஷியோமி: ‘லாக் ஸ்டேட்டில் ஃபிளாஷ் அனுமதி இல்லை’ என்று வந்தால் பூட்லோடர் பூட்டியிருக்கிறது. அதைத் திறக்க நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பல மாடல்களில் 168 மணி நேரம், அதாவது 7 நாள் காத்திருக்கச் சொல்லும். திறக்கும்போது டேட்டா முழுவதும் அழியும். ‘ஆன்டி ரோல்பேக்’ பிழை வந்தால் பழைய பதிப்பைப் போடப் பார்க்கிறீர்கள் என்று பொருள். அந்தச் சோதனையை நீக்கிவிட்டுப் போட வழி சொல்பவர்கள் உண்டு. போட்டால் போன் மொத்தமாகச் செத்துவிடலாம்.

மி ஃபிளாஷில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கீழே இருக்கும் ‘கிளீன் ஆல் அண்ட் லாக்’ என்ற தேர்வு. இது தானாகவே தேர்வாகியிருக்கும். சீனச் சந்தைக்கான போனில் குளோபல் ஃபர்ம்வேர் போட்டு இந்தத் தேர்வையும் விட்டுவிட்டால், ஃபிளாஷ் வெற்றி என்று காட்டும், ஆனால் போன் ‘இந்தப் பதிப்பை இந்தச் சாதனத்தில் நிறுவ முடியாது’ என்று பூட்டிக்கொண்டு நிற்கும். ஃபைல் இருக்கும் ஃபோல்டர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தாலும் மி ஃபிளாஷ் தடுமாறும். சி டிரைவில் நேரடியாக, ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் ஃபோல்டர் வைத்தால் போதும்.

மீடியாடெக்: 4032 என்ற எண்ணுடன் ‘டிராம் ஃபெயில்’ வந்தால், போனின் நினைவக சிப்பை டூலால் எழுப்ப முடியவில்லை. பெரும்பாலும் வேறு மாடலுக்கான ஃபைல்; சில நேரம் பேட்டரி குறைவு; சில நேரம் போர்டு பழுது. ‘பிஎம்டி சேஞ்ச்டு’ என்று வந்தால் ஃபைலில் உள்ள பகுதிப் பிரிவும் போனில் உள்ள பிரிவும் பொருந்தவில்லை. இந்த இடத்தில்தான் பலர் ‘ஃபார்மட் ஆல் பிளஸ் டவுன்லோட்’ கொடுத்துவிடுகிறார்கள். மீடியாடெக் போனில் செய்யக்கூடிய மிக மோசமான தவறு அதுதான். ஐஎம்இஐ எண்ணும் சிக்னல் அளவீடுகளும் இருக்கும் என்வி ரேம் பகுதியும் சேர்ந்து அழிந்துவிடும். போன் ஆன் ஆகும், ஆனால் சிம் வேலை செய்யாது.

ஐபோன்: பழைய ஐஓஎஸ் பதிப்பைப் போட முடியாது. ஆப்பிள் சர்வர் ஒப்புதல் கொடுக்கும் பதிப்பு மட்டுமே ஏறும். 3194 என்ற எண் வந்தால் கணினியால் அந்த சர்வரை அடைய முடியவில்லை என்று பொருள். இணையத்தையும் ஆன்டிவைரஸையும் பாருங்கள். 9, 4013, 4014 எண்கள் வந்தால் இணைப்பு துண்டிக்கப்பட்டது. வேறு வயர், வேறு போர்ட், வேறு கணினி என்று மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் வந்தால் வன்பொருள் பழுதாக இருக்கலாம். ஃபைல் இறங்க 15 நிமிடத்துக்கு மேல் ஆனால் போன் ரிக்கவரி திரையிலிருந்து வெளியே வந்துவிடும். அது பழுது இல்லை. டவுன்லோட் முடியட்டும், பிறகு மறுபடி ரிக்கவரிக்குக் கொண்டுபோங்கள்.

கட்டம் 3: எழுதும்போது பாதியில் நின்றால்?

இதுதான் உண்மையிலேயே கவலைக்குரிய கட்டம். சில பகுதிகள் புதிது, சில பகுதிகள் பழையது என்று போன் அரைகுறையாக நிற்கும். காரணம் பெரும்பாலும் மூன்றுதான்: வயர் ஆடியது, கரன்ட் போனது, இறக்கிய ஃபைலே சேதமாக இருந்தது.

கரன்ட் விஷயத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரின் பல பகுதிகளில் மின்சாரம் இல்லை. புயல் வேண்டாம், மழைக்காலத்தில் ஒரு நொடி கரன்ட் போய் வந்தாலே யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் அணைந்துவிடும். எனவே ஃபிளாஷ் பண்ண பேட்டரி நன்றாக இருக்கும் லேப்டாப்பே பாதுகாப்பு. போனிலும் குறைந்தது 50 சதவீதம் சார்ஜ் இருக்கட்டும். கணினி ஸ்லீப் மோடுக்குப் போகாதபடி மாற்றிவிடுங்கள்.

ஃபைல் பல ஜிபி அளவு இருக்கும். இறக்கும் தளத்தில் எம்டி5 அல்லது எஸ்எச்ஏ எண் கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது பிழை வந்தால் அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி இறக்குங்கள்.

பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? வயரைப் பிடுங்கும் முன் திரையில் உள்ளதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாம்சங்கில் ‘மென்பொருள் அப்டேட்டில் பிழை’ என்ற திரை வந்தால் போன் இன்னும் டவுன்லோட் மோடில்தான் இருக்கிறது. சரியான ஃபைலைக் கொண்டு மறுபடி எழுத முடியும். மற்ற போன்களிலும், சிப்புக்குள்ளேயே தொழிற்சாலையில் பதிக்கப்பட்ட ஒரு சிறிய நிரல் உண்டு. அதை எந்த ஃபிளாஷாலும் அழிக்க முடியாது. முழுக்கச் செத்தது போல இருக்கும் போன் கணினியில் ‘9008’ என்றோ மீடியாடெக் போர்ட் என்றோ தெரிந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அந்த நிலையிலிருந்து மீட்க, பல நிறுவனங்கள் அங்கீகரிக்கப்பட்ட கணக்கு கேட்கின்றன. வீட்டு முயற்சியை அங்கே நிறுத்திவிட்டுச் சேவை மையத்துக்குப் போவதே நல்லது.

நம்ம தப்பே இல்லாமலும் போன் சாகுமா?

சாகும். 2021 புத்தாண்டு நேரத்தில் ஷியோமியின் மி ஏ3 போன்களுக்கு ஆண்ட்ராய்டு 11 அப்டேட் வந்தது. அதைப் போட்ட பல போன்கள் மறுபடி ஆன் ஆகவே இல்லை. நிறுவனம் அப்டேட்டை நிறுத்தியது. வாரன்டி முடிந்திருந்தாலும் சேவை மையத்தில் இலவசமாகச் சரிசெய்து தருவதாக இந்தியாவில் அறிவித்தது. அதற்குள் பதறி வெளியே கொடுத்துப் போர்டைத் திறந்திருந்தால் அந்த வாய்ப்பே சிக்கலாகியிருக்கும். அதிகாரப்பூர்வ அப்டேட்டுக்குப் பிறகு போன் செத்தால், முதல் வேலை அதே மாடலில் மற்றவர்களுக்கும் அப்படி ஆகியிருக்கிறதா என்று தேடுவதுதான்.

2022 ஆகஸ்டில் பிக்சல் 6 வரிசைக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, ஒருமுறை ஏறினால் ஆண்ட்ராய்டு 12-க்குத் திரும்ப முடியாது என்று கூகுள் முன்கூட்டியே எச்சரித்தது. பழைய பூட்லோடரில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை மூடவே இந்தத் தடை. ‘பழையதுக்கே போயிடலாம்’ என்ற எண்ணம் இப்போது பெரும்பாலான போன்களில் நடக்காது.

படங்கள் திரும்பக் கிடைக்குமா?

"டேட்டா எல்லாம் எடுத்துடலாம் சார்" என்று யாராவது உறுதி சொன்னால் யோசியுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய போன்கள் எல்லாவற்றிலும் டேட்டா குறியாக்கம் செய்யப்பட்டே இருக்கும். அதைத் திறக்கும் சாவி அந்தப் போனின் சிப்போடும் உங்கள் பின் எண்ணோடும் கட்டப்பட்டது. நினைவக சிப்பைக் கழற்றி வேறு இடத்தில் பொருத்தினாலும் படிக்க முடியாது. டேட்டா பகுதி அழிந்துவிட்டால், சாவியும் போய்விட்டது என்று பொருள். பேக்கப் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

கூகுள் கணக்கின் பாஸ்வேர்டும் தெரிந்திருக்க வேண்டும். ரிக்கவரி வழியாக அழித்தாலோ ஃபிளாஷ் பண்ணினாலோ, போன் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். திருடர்களைத் தடுக்க வைத்த பூட்டு இது. பாஸ்வேர்டு மறந்தால் உரிமையாளரே வெளியே நிற்க வேண்டியதுதான்.

ஐஎம்இஐ மாற்றினால் ஜெயிலா?

ஃபிளாஷில் ஐஎம்இஐ போய்விட்டால், "புது நம்பர் போட்டுத் தரேன்" என்று சிலர் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். தொலைத்தொடர்புச் சட்டம் 2023-ன்படி ஐஎம்இஐ போன்ற அடையாள எண்களில் கைவைப்பது குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். இதற்கு முன் 2017-லேயே இதைத் தடுக்கத் தனி விதிகள் வந்துவிட்டன. அந்தப் போனின் சொந்த எண்ணை மீட்கவும் நிறுவனத்தின் சேவை மையமே சரியான இடம்.

பழைய போன் வாங்குபவர்களும் இதைப் பார்க்க வேண்டும். *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போனின் விவரம் வரும். மாடல் பொருந்தவில்லை என்றாலோ முடக்கப்பட்டது என்று வந்தாலோ வாங்க வேண்டாம். 2023 மே மாதம் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளத்தில், தொலைந்த போனை முடக்கவும் முடியும்.

லேப்டாப் பயாஸுக்கும் இதே விதிதானா?

ஆம். புதுச்சேரியில் லெனோவோவின் கணினித் தொழிற்சாலை இருக்கிறது. இந்தியாவில் விற்கும் அந்த நிறுவனக் கணினிகள் பல இங்கே தயாரானவை. அவற்றுக்கும் போன் போலவே பயாஸ் என்ற ஃபர்ம்வேர் உண்டு. முழு மாடல் எண்ணுக்கான ஃபைலை நிறுவனத் தளத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியும் இருக்க வேண்டும். திரை சில நிமிடம் கறுப்பாக இருந்தாலும் பவர் பட்டனைத் தொடக் கூடாது. "ஹேங் ஆயிடுச்சு" என்று நினைத்து அணைத்துவிட்டால், அந்தச் சிப்பைத் தனிக் கருவி வைத்துத்தான் எழுத வேண்டியிருக்கும்.

கடையில் கொடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

- "டேட்டா போகுமா, இருக்குமா?" முதல் கேள்வி இதுதான். பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள்.
- "எந்த மாடல் எண்ணுக்கான ஃபைல் போடப் போறீங்க?" பிரான்ஸ், துபாய், சிங்கப்பூர் போன் என்றால் அதை நீங்களே சொல்லிவிடுங்கள்.
- "ஒரிஜினல் ஃபர்ம்வேரா, கஸ்டமா?" சாம்சங் போனில் அதிகாரப்பூர்வம் அல்லாத மென்பொருள் ஒருமுறை ஏறினால் நாக்ஸ் எனும் அடையாளம் நிரந்தரமாக மாறிவிடும். பிறகு ஒரிஜினலைப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் போன்றவை வேலை செய்யாது.
- சிம், மெமரி கார்டை எடுத்துவிடுங்கள். ஐஎம்இஐ எண்ணைக் குறித்து வையுங்கள். போன் ஆன் ஆகாவிட்டால் பெட்டியிலோ பில்லிலோ இருக்கும்.
- வாரன்டி இருந்தால் வெளிக்கடை வேண்டாம். முதலில் சேவை மையம்.

திரும்ப வாங்கும்போது?

கடையிலேயே நின்று ஐந்து விஷயம் பாருங்கள். *#06# எண் பழையதுதானா? இரண்டு சிம்மிலும் கால் போகிறதா? வைஃபை, கேமரா, கைரேகை வேலை செய்கிறதா? ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதியில் சாதனம் சான்று பெற்றது என்று காட்டுகிறதா? யூபிஐ செயலி திறக்கிறதா? சான்று இல்லை என்றாலோ பூட்லோடர் திறந்தே இருந்தாலோ பல வங்கிச் செயலிகள் ஓடாது.

சேவையில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். உங்கள் போன் வழியாகப் பணம் போனதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

போன் நன்றாக ஓடும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இன்றைக்கே படங்களையும் வாட்ஸ்அப்பையும் பேக்கப் எடுங்கள், கூகுள் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் இருந்தால், டூலில் என்ன பிழை வந்தாலும் போவது போன் மட்டும்தான்.